வீட்டில் செய்த பேய்

தமிழ்க் குடும்பங்களில் பேய்க்கு என்றுமே வேலையில்லாத் திண்டாட்டம் இருந்ததில்லை. குழந்தை சாதம் சாப்பிட மறுக்கிறதா, கூப்பிடு பூச்சாண்டியை. விளக்கு வைத்த பிறகும் தெருவில் விளையாடுகிறதா, புளியமரத்தில் இருப்பவளைப் பற்றி ஒரு வார்த்தை போடு. எண்ணெய் தேய்த்துக்கொள்ள அடம் பிடிக்கிறதா, அதோ அஞ்சுகண்ணன் வருகிறான். சம்பளம் கேட்காமல், லீவு கேட்காமல் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஜீவன்கள் இவை. இவற்றின் எஜமானர்கள் எப்போதும் பெரியவர்கள். பயப்பட வேண்டியவர்கள் எப்போதும் குழந்தைகள். இந்த ஏற்பாட்டைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. குழந்தைகளை யாரும் கேட்கவில்லை.

இப்போது புதிதாக ஒரு பேய் வந்திருக்கிறது. வருஷந்தோறும் அக்டோபர் 31-ஆம் தேதி மாலையில், சென்னையைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் சில பள்ளிக்கூடங்களிலும் அது தலை காட்டுகிறது. ஹாலோவீன் என்று பெயர். குழந்தைகள் பேயாகவும் சூனியக்காரியாகவும் எலும்புக்கூடாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிறார்கள். இதைப் பற்றி இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிட்டன. ஒரு கட்சி, 'இது அந்நியச் சரக்கு, நமக்கு எதற்கு?' என்கிறது. இன்னொரு கட்சி, 'குழந்தைகள் குஷியாக இருந்துவிட்டுப் போகட்டுமே' என்கிறது. இரண்டு கட்சியும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பேயைச் செய்தவர் யார்? ஒரு கதையை மதிப்பிடும்போது அது எந்த ஊர்க் கதை என்பதைவிட, எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். பண்டிகைக்கும் அந்த அளவுகோல் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அந்நியச் சரக்கு என்ற குற்றச்சாட்டைப் பார்த்துவிடலாம். ஹாலோவீன் என்ற சொல்லுக்குப் புனிதர் அனைவரின் திருநாளுக்கு முந்திய இரவு என்று பொருள். நவம்பர் 1 அந்தத் திருநாள். மறுநாள் நவம்பர் 2, இறந்தோர் அனைவரையும் நினைக்கும் நாள். அந்த இரண்டாம் தேதியை நம் ஊர்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் என்று நெடுங்காலமாகக் கொண்டாடி வருகிறார்கள். கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். ஆகவே அந்தப் பண்டிகையின் ஒரு பாதி, சத்தமில்லாத பாதி, இங்கே முன்னமே குடியேறிவிட்டது. சத்தம் போடும் பாதிதான் இப்போது வந்திருக்கிறது.

அந்தப் பாதியின் பிறப்பிடம் அயர்லாந்து. குளிர்காலம் தொடங்கும் இரவில் இறந்தவர்கள் நடமாடுவார்கள் என்று அங்கே ஒரு பழைய நம்பிக்கை. டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தார்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏராளமான ஐரிஷ்காரர்கள் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அங்கே கிழங்கைவிடப் பெரியதாகவும் குடைவதற்கு எளிதாகவும் ஒரு காய் கிடைத்தது. அதுதான் நம் பரங்கிக்காய். கெட்டது கிட்டே வராமல் இருக்க ஒரு காயில் பயங்கர முகம் வரைந்து வாசலில் வைப்பது என்பதைக் கேட்டு எந்தத் தமிழராவது ஆச்சரியப்பட முடியுமா? கட்டி முடியாத வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் கோரைப்பல்லும் உருட்டுவிழியுமாக ஒரு சாம்பல் பூசணி தொங்குகிறதே, அதற்கு நாம் வைத்த பெயர் திருஷ்டிப் பூசணி. அவர்கள் கிழங்குக்கு உள்ளே விளக்கு வைத்தார்கள். நாம் வெளியே சாயம் பூசினோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இலக்கியத்தில் தேடினால் நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள் அல்ல என்பது இன்னும் தெளிவாகும். 12-ஆம் நூற்றாண்டில் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதி இருக்கிறது. பல் விளக்கி, குளித்துவிட்டு, பந்தி போட்டு உட்காருகின்றன பேய்கள். பந்தியில் குருட்டுப் பேய் உண்டு, ஊமைப் பேய் உண்டு, கர்ப்பிணிப் பேய்கூட உண்டு. படிப்பவருக்குப் பயம் வருவதற்கு முன் சிரிப்பு வந்துவிடுகிறது. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, தோளில் பிணத்தையும் கையில் வாளையும் ஏந்தி நடந்த விக்கிரமாதித்தனும், அந்தப் பிணத்துக்குள்ளிருந்து புதிர் போட்ட வேதாளமும் வீட்டு மனிதர்கள் மாதிரி. மாமல்லபுரத்துக்குப் போனால் 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். அர்ச்சுனன் தபசுப் பாறையில், வரம் கொடுக்க வந்த சிவபெருமான் அருகே தொந்தியும் தொப்பையுமாகக் குட்டிப் பூதங்கள் நிற்கின்றன. அதே பாறையின் கீழே கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையும், அதை நம்பி வந்த எலிகளும்! சில மைல் வடக்கே சாளுவன்குப்பத்தில், புலிக்குகையின் வாயைச் சுற்றி யாளித் தலைகள் வளையமாக நின்று விழிக்கின்றன. பயத்தையும் வேடிக்கையையும் ஒரே பாறையில் செதுக்கத் தெரிந்த ஊர் இது. பேயை அந்நியன் என்று சொல்லித் துரத்த நமக்கு உரிமை கிடையாது.

சரி, அப்படியானால் இரண்டாவது கட்சி சொல்வதுதான் நியாயமா? குஷியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாமா? அங்கேதான் அந்தக் கேள்வி குறுக்கே நிற்கிறது.

ஹாலோவீன் அதன் சொந்த ஊரில் வீட்டுப் பண்டிகையாகத்தான் வளர்ந்தது. பழைய படுக்கை விரிப்பு, அப்பாவின் கிழிந்த கோட்டு, அடுப்புக்கரி, இவைதான் வேஷச் சாமான்கள். அமெரிக்காவில் டென்னிசன் என்ற காகிதக் கம்பெனி 1909-இல் 'போகி புக்' என்று ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. நம் போகிப் பண்டிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போகி என்பது அவர்கள் ஊர்ப் பூச்சாண்டியின் பெயர். வண்ணக் காகிதத்தை வெட்டி வீட்டிலேயே வேஷமும் தோரணமும் செய்வது எப்படி என்று அந்தப் புத்தகம் சொல்லிக் கொடுத்தது. கம்பெனியின் நோக்கம் வியாபாரம்தான். ஆனால் அது விற்றது காகிதத்தை; பேயை அல்ல. பேயைச் செய்யும் வேலையை வாங்கியவர்களிடமே விட்டுவிட்டது.

பிறகு பேயையே விற்பவர்கள் வந்தார்கள். 1930-களிலிருந்து நியூயார்க்கின் பென் கூப்பர் போன்ற கம்பெனிகள் வேஷத்தைப் பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்பின. பெட்டியைத் திறந்தால் ஒரு முகமூடி, ஒரு மெல்லிய அங்கி. வேடிக்கை என்னவென்றால், பல அங்கிகளின் மார்பில் அந்தப் பாத்திரத்தின் படமோ பெயரோ அச்சடித்திருக்கும். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதைப் பற்றிக் கண்டிப்பான அபிப்பிராயம் உண்டு. பாத்திரத்தின் பெயரை மார்பில் எழுதி ஒட்ட வேண்டியிருந்தால், பாத்திரம் படைக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

1966-இல் சார்லஸ் ஷூல்ஸின் சித்திரக் கதையிலிருந்து ஒரு ஹாலோவீன் தொலைக்காட்சிப் படம் எடுத்தார்கள். அதில் சார்லி பிரவுன் என்ற பையன் பேய் வேஷத்துக்காக ஒரு விரிப்பில் கண் வெட்டப் போய், கை தவறிப் போய், விரிப்பு முழுவதும் ஓட்டையாக்கிவிடுகிறான். அந்தச் சல்லடைப் பேயை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அச்சடித்த பெயர் அதற்குத் தேவைப்படவில்லை. ஒவ்வோர் ஓட்டையும் அந்தப் பையனின் கையெழுத்து.

ஆனால் இந்த விஷயத்தின் அடியாழம் வரை போனவர் ஹார்ப்பர் லீ. 1960-இல் வெளிவந்த அவருடைய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை நம்மில் பலர் நீதிமன்றக் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். கறுப்பின மனிதன் ஒருவனுக்கு நேர்ந்த அநீதி, அவனுக்காக வாதாடிய அட்டிகஸ் என்ற வக்கீல், இவைதான் பேசப்படுகின்றன. நியாயம்தான். ஆனால் அந்த நாவல் தொடங்குவதும் முடிவதும் ஒரு பூச்சாண்டியில். வக்கீலின் குழந்தைகளான ஜெம்மும் ஸ்கவுட்டும் வசிக்கும் தெருவில், வருஷக்கணக்காக வெளியே வராத ஒருவன் ஒரு வீட்டுக்குள் இருக்கிறான். உண்மைப் பெயர் ஆர்தர் ராட்லி. ஊர் அவனுக்கு வைத்த பெயர் பூ. ஆங்கிலக் குழந்தைகளைத் திடுக்கிட வைக்கக் கத்தும் சொல் அது. நம் பூச்சாண்டியும் அதே எழுத்தில் தொடங்குவது தற்செயலாக இருக்கலாம். இருந்தாலும் நன்றாக இருக்கிறது.

குழந்தைகள் அவனுக்குப் பயப்படுகிறார்கள். பயந்துகொண்டே என்ன செய்கிறார்கள்? அவனை நாடகமாக்குகிறார்கள். வீட்டு முற்றத்தில், ஊர் வம்பையெல்லாம் சேர்த்துத் தைத்து, பூவின் வாழ்க்கையைத் தாங்களே நடிக்கிறார்கள். பெரியவர்கள் உண்டாக்கிய பேயைக் குழந்தைகள் பிரித்துப் போட்டு மறுபடி தாங்களாகச் செய்து பார்க்கும் இடம் அது. தகப்பனார் அதைக் கண்டிக்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் விளையாட்டுப் பொருளாகியிருப்பவன் உயிருள்ள மனிதன். ஆனால் அந்த விளையாட்டு இல்லாவிட்டால் ஸ்கவுட் அந்த வீட்டு வாசலில் என்றைக்கும் ஏறியிருக்க மாட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாவலின் உச்சம் ஒரு ஹாலோவீன் இரவு. முந்திய வருஷம் குழந்தைகள் விஷமம் செய்துவிட்டதால், இந்த வருஷம் பள்ளி மண்டபத்தில் ஒழுங்கான நிகழ்ச்சி வேண்டும் என்று ஊர்ப் பெண்மணிகள் ஏற்பாடு செய்கிறார்கள். அந்தப் பிரதேசத்து விளைபொருள்களாகக் குழந்தைகள் வேஷம் போட வேண்டும். ஸ்கவுட்டுக்குக் கிடைத்தது உப்பிட்ட பன்றித் தொடை! ஊர்த் தையற்காரி கோழிக்கூட்டுக் கம்பி வலையை வளைத்து, பழுப்புத் துணி போர்த்தி, சாயம் பூசி ஒரு கூடு செய்கிறாள். அதைப் போட்டுக்கொண்டால் ஸ்கவுட்டால் தானாகக் கழற்றக்கூட முடியாது. மேடையில் அவள் தன் முறை வரும்போது தூங்கிப் போய்விடுகிறாள். அவமானத்தால், வேஷத்தைக் கழற்றாமலே இருட்டில் வீடு திரும்புகிறாள். வழியில் தகப்பனாரின் எதிரி கத்தியோடு பாய்கிறான். அந்தக் கம்பி வலைதான் அவள் உயிரைக் காப்பாற்றுகிறது. இருளிலிருந்து வந்து குழந்தைகளை மீட்டு, ஜெம்மைத் தூக்கிச் செல்பவன் யார் என்றால், பூ.

கடையில் வாங்கிய மெல்லிய அங்கியாக அது இருந்திருந்தால் கதை வேறு விதமாக முடிந்திருக்கும். நாவலாசிரியை இதை நீதியாக எடுத்துச் சொல்லவில்லை; நல்ல எழுத்தாளர்கள் சொல்வதில்லை. ஆனால் ஊர்க்கை செய்த கோமாளி வேஷம் ஒரு குழந்தையின் கவசமாவதும், ஊர்ப் பூச்சாண்டி அதே குழந்தையின் காவலனாவதும் ஒரே இரவில் நடக்கின்றன. குழந்தைப் பருவத்துப் பயத்தைப் பற்றி இதைவிட நன்றாகச் சொன்ன நாவலை நான் படித்ததில்லை.

குழந்தை பேய்க்குப் பயப்படுவதற்குப் பதிலாகத் தானே பேயாவது என்பது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. பெரியாழ்வார் தம் திருமொழியில், கண்ணன் அப்பூச்சி காட்டுவதை ஒரு பதிகமாகவே பாடியிருக்கிறார். கண் இமையை மடித்து, முகத்தைக் கோணி, கூட விளையாடுகிறவர்களைப் பயமுறுத்தும் விளையாட்டுக்கு அப்பூச்சி என்று பெயர். எனக்கு அந்தப் பதிகத்தில் பிடித்த விஷயம், அங்கே யாரும் கண்ணனைப் பயமுறுத்தவில்லை என்பது. பயமுறுத்துகிறவன் அவன், பயந்துபோனதாகப் புகார் சொல்பவர்கள் மற்றவர்கள். நம் வீட்டுப் பூச்சாண்டி ஏற்பாட்டை ஆழ்வார் தலைகீழாகப் புரட்டிவிட்டார். அந்தப் பயத்துக்கு முகமூடியும் வேண்டாம், மிட்டாயும் வேண்டாம். சொந்த இமை போதும்.

இந்த எண்ணங்களோடு நான் பொத்தேரியில் ஒரு ஹாலோவீன் மாலையைப் பார்த்தேன். செங்கற்பட்டு மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரிக்கு அடுத்த நிலையம் பொத்தேரி. ஊரின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. இப்போது ஏரியைவிட உயரமாகக் கட்டிடங்கள் இருக்கின்றன. ஒரு குடியிருப்பில் குழந்தைகளின் வேஷங்களைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசும்படி அழைத்திருந்தார்கள். எழுத்தாளன் என்றால் எதைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவான் என்று ஒரு நம்பிக்கை. ஐப்பசி அடைமழை என்பார்கள், அன்றைக்கும் மழை. கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். இருபது குழந்தைகள் இருக்கும். டிராகுலா மூன்று பேர், சூனியக்காரிகள் ஐந்தாறு பேர். எல்லா டிராகுலாவுக்கும் ஒரே பல். உறை பிரித்த பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை. ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைக் கேட்டது:

"எவ்வளவுடா?"

"தெரியாது. அப்பா ஆன்லைன்ல வாங்கினாரு."

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. மேலே பேச அதில் ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூலையில் கும்பல் கூடியது. எட்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு கொட்டாங்கச்சியைக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். தேங்காய்க்கு இயற்கையே மூன்று கண் வைத்திருக்கிறது. இரண்டைக் கண்ணாகவும் ஒன்றை வாயாகவும் வைத்து, காய்ச்சிய ஆணியால் துளையைப் பெரிதாக்கி, உள்ளே ஒரு சின்ன டார்ச் விளக்கைச் செருகியிருந்தான். தேங்காய் நார்தான் தாடி. விளக்கை அணைத்து ஏற்றினால் அந்த முகம் விழித்து விழித்துப் பார்த்தது.

"எப்படிடா செஞ்சே?"

"தாத்தா ஆணியைச் சுட்டுக் குடுத்தாரு. ஓட்டை நான் போட்டேன். மொதல்ல ரெண்டு உடைஞ்சு போச்சு."

அப்புறம் அவனைப் பேச்சிலிருந்து நிறுத்த முடியவில்லை. எந்தக் கொட்டாங்கச்சி உடையும், எது உடையாது, நாரை எப்படி ஒட்டுவது என்று ஒரு பிரசங்கமே செய்தான். டிராகுலாக்கள் மூவரும் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்கிய வேஷம் 'எவ்வளவு?' என்ற கேள்வியை எழுப்புகிறது. செய்த வேஷம் 'எப்படி?' என்ற கேள்வியை எழுப்புகிறது. பண்டிகையை மதிப்பிட எனக்கு இதைவிட நல்ல உரைகல் கிடைத்ததில்லை.

அந்த உரைகல்லில் நம் பண்டிகைகளையும் உரசிப் பார்க்க வேண்டும். ஹாலோவீனை மட்டும் உரசுவது ஓரவஞ்சனை. நவராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கிருஷ்ணனாகவும் ஆண்டாளாகவும் குறவன் குறத்தியாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கொலுவுக்கு அழைக்கப் போவார்கள். பாட்டுப் பாடினால்தான் சுண்டல். ஹாலோவீன்காரர்கள் மிட்டாய்க்கு மிரட்டுகிறார்கள். நாம் சுண்டலுக்குப் பாடினோம். கேட்டவர்களுக்கு எது அதிகப் பயங்கரம் என்பது பாடியவரைப் பொறுத்தது. கொலுப்படிக்கு டிரங்குப் பெட்டியும் மண்ணெண்ணெய் டின்னும் பலகையும் போதும். படியின் கீழே குழந்தைகளின் ராஜ்யம்: கடுகைத் தூவி முளைக்க வைத்தால் புல்வெளி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்தால் குளம், தீப்பெட்டிகளைக் கோத்தால் ரயில். இன்று எத்தனை வீடுகளில் இது நடக்கிறது? மடக்குப் படி கடையில் கிடைக்கிறது. புல்வெளி பிளாஸ்டிக்கில் சுருட்டி விற்கிறது. கிருஷ்ணன் வேஷம் வாடகைக்கு வருகிறது. வாடகைக் கிருஷ்ணனுக்கும் வாங்கின டிராகுலாவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் குழந்தையின் கைக்கு வேலை இல்லை. சுதேசி விதேசி என்ற தர்க்கம் இங்கே அர்த்தமற்றுப் போகிறது.

செங்கற்பட்டுச் சீமையின் கார்த்திகைக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன், மாவளி இருக்கும் வரையில். ஆண்பனையின் பூக்கதிரைக் காயவைத்து, குழியில் போட்டு மூட்டமாகச் சுட்டுக் கரியாக்குவார்கள். அந்தக் கரியை இடித்துத் தூளாக்கி, பழந்துணியில் இறுக்கிச் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, மேலே கயிறு பிணைப்பார்கள். நெருப்பு வைத்துச் சுழற்றினால் தலைக்கு மேல் ஒரு பொற்சக்கரம் உதிரும். காசு கொடுத்து வாங்கும் மத்தாப்பு ஒரு நிமிஷத்தில் அணைந்துவிடும். மாவளி வெகு நேரம் பொறி சிந்தும். அதற்கான வேலையோ பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பூ பொறுக்குவதும் கரி இடிப்பதும் கயிறு திரிப்பதும் எல்லாம் பண்டிகையில் சேர்த்திதான். நெருப்பு என்றால் என்ன என்பதையும் குழந்தை அந்த இரவில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, கற்றுக்கொள்ளும். பனைமரம் போனால் மாவளி போய்விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். அதை முன்வைப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். அவர்கள் சொல்வது முழு நியாயம். 'வீட்டில் செய்வது' என்றால் நடைமுறையில் அம்மா செய்வது என்றே அர்த்தமாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு உத்தரவு வருகிறது, நாளைக் காலையில் குழந்தை வெண்டைக்காய் வேஷத்தில் வர வேண்டும் என்று. ஆபீஸிலிருந்து வந்து, சமையலை முடித்து, பதினொரு மணிக்குக் கத்தரிக்கோலும் பசையுமாக உட்காருகிறவள் அம்மா. குழந்தை தூங்கிவிட்டிருக்கும். அப்பா, 'இன்னும் படுக்கவில்லையா?' என்று விசாரித்துவிட்டுத் தாமும் படுத்துவிடுவார். காலையில் பிரமாதமான வெண்டைக்காய் ஒன்று பள்ளிக்கூடம் போகும். அது வீட்டில் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் குழந்தையின் பங்கு, வெண்டைக்காய்க்கு உள்ளே நின்றது மட்டும்தான். இதற்கு வாங்கின டிராகுலாவே தேவலை. ஒரு ஜீவனாவது தூங்கியிருக்கும்.

ஆகவே நான் கைவேலையைப் புகழ்வது அம்மாவின் தலையில் இன்னொரு சுமை ஏற்ற அல்ல. குழந்தை செய்வது கோணலாக இருக்கும் என்பதை வீடு ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் இருந்தால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஏனென்றால் நம் உழைப்பில் பாதி, பக்கத்து வீட்டார் பார்த்து மெச்ச வேண்டும் என்பதற்காகச் செலவாகிறது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் கைகள் இருக்கின்றன என்பதையும் நினைவூட்டலாம்.

ஹாலோவீன் கொண்டாட விரும்பும் குடும்பம் கடைக்குப் போகாமலே எவ்வளவோ செய்யலாம். பரங்கிக்காயைக் குடைந்து முகம் வெட்டலாம். எடுத்த சதை மறுநாள் சாம்பாருக்கு ஆகும். குடைவதைப் பெரியவர் செய்யட்டும். முகத்தைக் குழந்தை வரையட்டும், எத்தனை கண் வேண்டுமானாலும். பழைய வேட்டி ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, அதைக் கதவில் கட்டிப் பின்னால் டார்ச் பிடித்தால் நிழற்கூத்து. காகிதக்கூழில் முகமூடி செய்ய ஆசைப்பட்டால் புரட்டாசியிலேயே தொடங்கி வெயிலில் காய வைத்துவிட வேண்டும். ஐப்பசி மழையை நம்பினால் பேய் கூழாகவே இருந்துவிடும். சாப்பாட்டுக்குச் சயங்கொண்டாரைத் துணைக்கு அழைக்கலாம். கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, பேய்ப்பந்தி போட்டு, ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதப் பேயாக உட்காரலாம். மிட்டாயைவிட வயிற்றுக்கும் நல்லது, தமிழுக்கும் நல்லது. இதற்கெல்லாம் ஹாலோவீன் என்று பெயர் வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி.

இவ்வளவு தூரம் ஒரு விளையாட்டைப் பற்றி விவாதிப்பது எதற்கு என்று கேட்கலாம். குழந்தைப் பருவத்துப் பயங்கள் விளையாட்டாக முடிந்துவிடுவதில்லை என்பதுதான் காரணம். புளியமரத்துக்காரிக்குப் பயந்து வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் அதிகாரிக்கும் ஜோசியருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பயந்துகொண்டு வாழ்வதை நாம் பார்க்கிறோம். முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்படவில்லை. பெரியவர்கள் செய்த பேய் குழந்தையை அடக்குகிறது. கடை செய்த பேய் குழந்தையை வாடிக்கையாளராக்குகிறது. அம்மா மட்டும் கண் விழித்துச் செய்த பேய் அம்மாவை வாட்டுகிறது. குழந்தை தன் கையால் செய்த பேய்க்கு மட்டும் ஒரு தனிக் குணம் உண்டு. அதற்குள்ளே இருப்பது பழைய வேட்டியும் கொட்டாங்கச்சியும்தான் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். தெரிந்தும் விளக்கை அணைத்தவுடன் கொஞ்சம் நடுங்கும், நடுங்கிவிட்டுச் சிரிக்கும். பிற்காலத்தில் எந்தப் பேய் வந்து நின்றாலும், 'இதை யார் செய்தது? எப்படிச் செய்தார்கள்?' என்று கேட்கும்.